பின்னோக்கிச் சாய்ந்த கீறல்கள்

ராய்ஸ் ப்ரூயிட் கடைசி நொடியில் என்ன முடிவெடுத்தான் என்பது அவன் வண்டியின் டயரில் எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒருவன்தான். அவனே அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தான்.

அந்த வியாழக்கிழமை காலை ஓர்வல் ஸ்டிடமுக்கு இது தெரியாது. நண்பனுக்குக் கடைசி மரியாதை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்று நாலு, மார்ச். ஓக்லஹோமாவின் மேற்கு மூலையில் மார்ச் என்றால் ஒரு நாள் மழை, மறுநாள் காற்று. காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து ஓர்வலின் டயர் கடைக் கதவில் அடித்தது. வாசலில் டப் ஹென்ஸ்லியின் டிரெய்லர் வந்து நின்றது. அதன் மேல் ராய்ஸின் பிக்கப். எழுபத்திரண்டு மாடல், பால் வெள்ளையும் நீலமும். முன் பம்பர் உள்ளே மடிந்து போயிருந்தது. கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. கதவின் பாதி உயரம் வரை ஓடைச் சேறு காய்ந்து கிடந்தது.

"இது ஓடாதுடா," என்றான் டப், இறங்கியபடியே. "ரேடியேட்டர் போய் இஞ்சின் மடியில உக்காந்திருக்கு. நாளைக்கு டிரெய்லர்ல வச்சுத்தான் முன்னாடி கொண்டு போகணும்."

"டிரெய்லர்லயா? ராய்ஸ் பாத்தா காறித் துப்புவான்."

"அவன் எங்க பாக்கப் போறான்..."

சொன்ன பிறகுதான் டப்புக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

பத்தொன்பது பழைய பிக்கப்காரர்கள் சேர்ந்த கூட்டம் அது. சனிக்கிழமை தோறும் கோதுமைக் கிடங்கு மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அடுத்தவன் வண்டியைக் குறை சொல்வது அவர்களுடைய வேலை. எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கூட்டத்தில் ஒருவன் செத்தால், சவப்பெட்டிக்கு முன்னால் அவன் வண்டி போகும். அதைக் கழுவி மினுக்குவது மற்றவர்கள் பொறுப்பு. டயரின் வெள்ளை எழுத்துகள் மட்டும் ஓர்வல் பொறுப்பு. வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

ராய்ஸின் டயரில் ஒன்பது எழுத்து. கம்பெனிப் பெயர், விரல் நீள உயரத்தில், புடைத்து நிற்கும். ஒவ்வொரு டயரிலும் அந்தப் பெயர் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. எழுத்தின் வெள்ளை, மேல்பூச்சு அல்ல. கறுப்பு ரப்பருக்கு அடியில் வெள்ளை ரப்பரையே ஒரு படலமாக வைத்து வார்த்திருப்பார்கள். மேலே அழுக்கேறும், பழுப்பேறும், பாதை ஓரத்துச் சிமென்டில் உரசிக் கறுக்கும். பொறுமையாகத் தேய்த்தால் அடியிலிருந்து புது வெள்ளை வரும். அது புரியாமல் பெயின்ட் பேனா வாங்கி எழுத்து மேல் தீட்டுகிறவர்களை ஓர்வல் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டப் அந்த ரகம்.

"உன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துடா," என்றான் ஓர்வல், வாளியில் தண்ணீர் பிடித்தபடி. "பெயின்ட் உரிஞ்சு தொங்குது, பாம்பு சட்டை கழட்டின மாதிரி. ராய்ஸ் டயருக்குத் தொத்திக்கப் போகுது."

"ஆமா, நீ பெரிய பல் டாக்டரு. அவனவன் வாயிலகூட இவ்வளவு வெள்ளை இருக்காது."

சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை. டப் காப்பி வாங்க எதிர்ச்சாரிக்குப் போனான்.

ஓர்வல் முழங்காலுக்கு ஒரு பழைய சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் தண்ணீர். பிறகு சோப்பு நுரை. அது வெள்ளையாக விழுந்து காப்பி நிறத்தில் வழிந்தது. பிறகு நார் பிரஷ். ராய்ஸின் எழுத்துகள் இப்படிப் பழுப்பேறி அவன் பார்த்ததே இல்லை. எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாய் விழுந்து ராய்ஸின் முதுகெலும்பு நசுங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வேலை இல்லை. குனிய முடியாது. போன மாதம் மைதானத்தில் எல்லார் முன்னாலும் ஓர்வலே கேலி செய்தான்: "என்னடா, வெள்ளை எழுத்தா செங்கல் எழுத்தா?" ராய்ஸ் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது இப்போது ஓர்வலின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தியது.

மூன்று டயர் முடிந்தது. கடைசியாக முன் வலது டயர்.

அங்கே பிரஷ் நின்றது.

எல்லா எழுத்திலும் கரேலென்று உரசல். சிமென்ட் மணல் ரப்பருக்குள் புதைந்திருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. செவ்வாய்க்கிழமை மழையில் வண்டி பாலத்து ஓரத்தில் உரசிக்கொண்டுதான் ஓடையில் இறங்கியது என்று ஊருக்கே தெரியும். ஆனால் கீறல்கள் சாய்ந்திருந்த விதம்தான் வித்தியாசமாக இருந்தது.

முப்பது வருஷமாக ஆயிரக்கணக்கான உரசல்களைப் பார்த்தவன் அவன். வண்டியை ஓரத்தை நோக்கித் திருப்பினால் டயரின் முன்விளிம்பு சிமென்டில் படும். கீறல்கள் முன்னோக்கிச் சாயும். எல்லா வண்டியிலும் அப்படித்தான். இதில் எல்லாக் கீறலும் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. இரண்டு பெயர்களிலும், பதினெட்டு எழுத்திலும், ஒரே சீராக.

"இதென்னடா, தலைகீழா இருக்கு," என்று வாய்விட்டே சொன்னான்.

"எது?" டப் காப்பியோடு திரும்பி வந்திருந்தான்.

"ஒண்ணுமில்ல. சேத்தை அங்கிட்டு அள்ளிப் போடு, வழுக்குது."

உப்புத்தாளை நனைத்தான். தேய்த்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் கால் மணி நேரம். கீறல்கள் மங்கின, தேய்ந்தன, போயின. அடியிலிருந்து ரப்பர் பனி மாதிரி எழுந்து வந்தது.

அவ்வளவு சுத்தமாக அவன் ஆயுளில் ஒரு டயரைச் செய்ததில்லை.

*

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. நீள மேசையில் பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, பீன்ஸ், யாரும் தொடாத மூன்று வகை சாலட். ஐஸ் போட்ட டீ குடங்களில் வியர்த்துக்கொண்டிருந்தது.

நடீன் ப்ரூயிட் எதையும் சாப்பிடவில்லை. ஐம்பத்தைந்து வயது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைக்கிற பெண். அன்றைக்கு அந்தக் கண்கள் கூடத்தில் ஒருவரையும் பார்க்கவில்லை. விபத்தை விசாரித்த ஷெரீப் அலுவலக டெபுடி லானியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"லானி," என்றாள். "நீ என்கிட்ட எதையோ சொல்லாம இருக்க."

லானிக்கு முப்பது வயதுகூட இல்லை. சின்ன வயதில் அவளுடைய பஸ்ஸில் போனவன். மென்றுகொண்டிருந்ததை அப்படியே விழுங்கினான்.

"மேடம், இன்னிக்கு வேணாமே..."

"மூணாம் கிளாஸ்ல பஸ் சீட்டைக் கத்தியால கிழிச்சுட்டு இப்படித்தான் முழிச்ச. சொல்லு."

லானி தொப்பியை மேசையில் வைத்தான். "பாலத்துல பிரேக் போட்ட தடம் இல்ல, மேடம். ஒரு இஞ்சுகூட இல்ல. மழை, சேறு, எல்லாம் சரிதான். ஆனா வண்டி ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா போயிருக்கு. இழுத்து மேல தூக்குறப்போ சக்கரம் அப்படி இப்படி திரும்பிடுச்சு, அதனால ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னும் சொல்ல முடியல. டயரு சேத்துக்குள்ள இருந்துச்சு, போட்டோவுலயும் ஒண்ணும் தெரியல. ரிப்போர்ட்ல விபத்துன்னுதான் எழுதியிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவ்வளவுதான் அவனால் முடியும். அந்தச் சொற்களின் கருணை நடீனுக்குப் புரிந்தது. அவள் முகம் சாம்பல் பூத்தது.

எழுந்து சமையலறைக்குள் போனாள். ஓர்வல் பின்னாலேயே போனான்.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போஸ்ட் ஆபீஸ் போறேன்னான், ஓர்வல். போஸ்ட் ஆபீஸ் கிழக்கால இருக்கு. பாலம் மேற்கால இருக்கு. நான் தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல. பஸ் அட்டவணையில ஏதோ தப்புன்னு அதையே பாத்துட்டு இருந்தேன். 'சரி'ன்னேன். முப்பத்தாறு வருஷம் கூட இருந்துட்டு கடைசியா சொன்னது, 'சரி'." குழாயை அடைத்தாள். "எனக்கு வேற எதுவும் வேணாம். அவன் என்னை விட்டுட்டுப் போனானா, இல்ல தவறிப் போயிட்டானா? அது ஒண்ணு மட்டும் யாராவது சொல்லுங்க."

அந்த நொடியில்தான் ஓர்வலுக்குள் அது வெடித்தது.

பின்னோக்கிச் சாய்ந்த கீறல்கள்!

டயரின் முன்விளிம்பு உரசினால் கீறல் முன்னோக்கிச் சாயும். பின்னோக்கிச் சாய வேண்டுமென்றால் டயரின் பின்விளிம்பு, குதிகால் மாதிரி, சிமென்டில் இழுபட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் உண்டு. ஸ்டியரிங் முழுக்க இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஓரத்தை விட்டு விலகி, பாதையை நோக்கி. வண்டி சேற்றில் வழுக்கிக்கொண்டு நேராகப் போயிருக்கிறது. ஆனால் சக்கரம் திரும்பித்தான் இருந்தது.

"நடீன்!" அவள் தோளைப் பிடித்தான். "அவன் திருப்பியிருக்கான். இடது பக்கம், கடைசி வரைக்கும். டயர்ல இருந்துச்சு. நான் பாத்தேன்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு விளக்கவே தேவையில்லை, பஸ் ஓட்டுகிறவள். குதிகால், விளிம்பு என்று அவன் ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"காட்டு," என்றாள். "வண்டி வெளியிலதானே நிக்குது? காட்டு."

ஓர்வல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

கூடத்து வாசலில் டிரெய்லர் மேல் ராய்ஸின் வண்டி நின்றிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாகவே தெரிந்தது. முன் வலது டயரின் ஒன்பது எழுத்தும் வெயிலில் கண் கூசும்படி வெள்ளையாக இருந்தன.

நடீன் ஜன்னலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்துவிட்டது.

"நீ நல்லவன், ஓர்வல்," என்றாள் மெதுவாக. "செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் ஓடி வந்த. 'நேத்து சாயங்காலம் போன்ல பேசினான், சிரிச்சுக்கிட்டே பேசினான், சனிக்கிழமை வர்றேன்னான்'னு சொன்ன. போன வருஷம் என் அக்கா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ 'முகம் தெளிஞ்சிருக்கு'ன்ன. மறுநாள் போயிட்டா. உனக்கு யாரு அழுதாலும் தாங்காது. அது எனக்குத் தெரியும்."

"இது பொய்யில்ல, நடீன். சத்தியமா."

"நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவ. வேணாம்ப்பா. போ, போய் சாப்பிடு."

*

அன்று மாலையே ஓர்வல் பாலத்துக்குப் போனான். முப்பது கெஜ நீளம். கைப்பிடிச் சுவர் கிடையாது. முழங்காலுக்குக் கீழே ஒரு சிமென்ட் விளிம்பு, அவ்வளவுதான். அதில் கறுப்பாக ஆயிரம் உரசல்கள். நாற்பது வருஷமாகக் கோதுமை லாரிகள், தண்ணீர் டாங்கர்கள், டிராக்டர்கள் எல்லாம் உரசிய இடம். எது ராய்ஸ், எது மற்றவன்? சிமென்டில் சாய்வு தெரியாது. ரப்பரில்தான் தெரியும். மண்டியிட்டுத் தடவிப் பார்த்தான். விரலில் செம்மண்தான் ஒட்டியது.

மறுநாள் கடைக் குப்பையைத் தரையில் கொட்டினான். உப்புத்தாள்கள் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தன. ராய்ஸின் கடைசி வார்த்தை அந்தத் தூளில்தான் இருந்தது. தூளை யார் படிப்பார்கள்?

டப்பிடம் ஓடினான். "நீ போட்டோ எடுத்தியேடா, வியாழக்கிழமை?"

"எடுத்தேன். கழுவினப்புறம்." டப் போட்டோக்களை எடுத்து நீட்டினான். நான்கு சக்கரமும் மின்னின. "அழுக்கு டயரை எவன்டா போட்டோ எடுப்பான்?"

ஓர்வல் அங்கேயே ஒரு காலி டின் மேல் உட்கார்ந்துவிட்டான். டப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அவ நம்பலயா?"

"நம்பல."

"உன்னை எப்படிடா நம்புவா? போன வாரம்தானே என் பொண்டாட்டி முடி வெட்டிக்கிட்டு வந்தப்போ பத்து வயசு குறைஞ்சிட்டுதுன்ன? கண்ணாடியில பாத்துட்டு அவளே சிரிச்சா."

ஆனால் டப்புக்கும் தெரியாத ஒன்று ஓர்வலுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ராய்ஸ் போனில் பேசியது உண்மை. சிரித்தது உண்மையில்லை.

*

ஒன்பது நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தான். பத்தாம் நாள், ஞாயிறு மதியம், நடீன் வீட்டு வாசலில் போய் நின்றான். கொல்லைப்புறத்து எல்ம் மரத்தடியில் ராய்ஸின் வண்டியை டப் இறக்கிவிட்டிருந்தான். ஒன்பது நாள் காற்றில் நீலம் பாதி சிவந்துவிட்டது. எழுத்துகள் மட்டும் இன்னும் வெள்ளை.

நடீன் படியில் உட்கார்ந்து ராய்ஸின் பூட்ஸ்களிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டிருந்தாள், யாருக்கோ கொடுப்பதற்காக.

"கேக் எடுத்துட்டு வந்திருந்தா அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போ," என்றாள் நிமிராமல். "ஃப்ரிட்ஜ்ல பதினாலு இருக்கு. செத்தவன் ஒருத்தன், கேக்கு பதினாலு."

"கேக் இல்ல." தொப்பியை எடுத்துக் கையில் பிடித்தான். "நடீன், நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்னுதான் அன்னிக்கே சொன்னேனே. டயரு..."

"டயரு இல்ல. போனு."

அவள் கை நின்றது.

"திங்கக்கிழமை சாயங்காலம் அவன் சிரிக்கல. சனிக்கிழமை வர்றேன்னும் சொல்லல." ஓர்வல் தொப்பியின் விளிம்பைப் பார்த்தபடியே சொன்னான். நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். "'ஓர்வல், என் வண்டி உனக்கு வேணுமா'ன்னு கேட்டான். 'எடுத்துக்கோ, உன்கிட்ட இருந்தா சுத்தமா இருக்கும்'னான். 'நான் வீட்டுல ஒரு பழைய சோபா மாதிரி கிடக்குறேன், நடீன் என்னைச் சுத்திச் சுத்தி நடக்குறா. நான் இல்லேன்னா அவளாவது நிம்மதியா மூச்சு விடுவா'ன்னான்."

காற்று நின்ற மாதிரி இருந்தது.

"நீ என்ன சொன்ன?" நடீனின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நான்..." ஓர்வல் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "'முதல்ல அந்த எழுத்தைக் கழுவுடா, அப்புறம் எடுத்துக்கறேன்'ன்னேன். நான்தான் சிரிச்சேன், நடீன். சிரிச்சது நான். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, 'சரி'ன்னு வச்சுட்டான்."

பூட்ஸ் பறந்து வந்து அவன் மார்பில் மோதி விழுந்தது. இன்னொன்றும் வந்தது. அவன் விலகவில்லை.

"ஒரு போனு!" நடீன் எழுந்துவிட்டாள். "ஒரே ஒரு போனு எனக்குப் பண்ணியிருந்தா நான் அன்னிக்கு ராத்திரி அவன் சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருப்பேனே! மறுநாள் பஸ்ஸை நிறுத்திட்டு வீட்டுல உக்காந்திருப்பேனே! முப்பது வருஷமா எங்க வீட்டுல சாப்பிட்டிருக்க, பாவி! உனக்கு அந்த எழுத்துதானா பெருசு?"

"ஆமா," என்றான் ஓர்வல்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். கூடத்தில் அழாத அழுகை இது. வயிற்றிலிருந்து, சத்தத்தோடு, மூக்கு ஒழுக வந்த அழுகை. ஓர்வல் நின்ற இடத்திலேயே நின்றான். அவனுக்கு யார் அழுதாலும் தாங்காது. வாயில் ஆறுதல் வார்த்தை பத்து வந்தது. பத்தையும் விழுங்கினான்.

அழுகை ஓய்ந்ததும் நடீன் முந்தானை மாதிரி சட்டை நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள்.

"அப்போ சாகணும்னுதான் போயிருக்கான்."

"ஆமா. அப்படித்தான் நினைக்கிறேன்."

"இதை ஏன் இப்போ வந்து சொல்ற? நான் கேக்கலயே. பொய்யோ மெய்யோ, அந்தச் சிரிப்பையே வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேனே."

"அந்தப் பொய்ச் சிரிப்பு இருக்கிற வரைக்கும் டயரை நீ நம்பமாட்ட." ஓர்வல் முதல் முறையாக நிமிர்ந்தான். "நம்புறதுக்கு எங்கிட்ட வேற சாட்சி இல்ல. இருந்ததை நானே தேய்ச்சுட்டேன். சாகத்தான் போனான், நடீன். ஆனா அந்த விளிம்புல உரசினதும் இடது பக்கம் ஒடிச்சிருக்கான். பிரேக்கை மறந்துட்டான். ஒடிச்சான், விடல. பதினெட்டு எழுத்துலயும் இருந்துச்சு. சக்கரம் எத்தனையோ சுத்து சுத்தியிருக்கு, எல்லாச் சுத்துலயும் அதே சாய்வு. பாலம் முழுக்க அவன் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கான்."

நடீன் அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணாடியில் அறுபது பிள்ளைகளை அலசுகிற அந்தப் பார்வை. யார் கிழித்தது, யார் பொய் சொல்கிறான் என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற பார்வை. ஓர்வல் அதன் முன் அசையாமல் நின்றான்.

"பொய் சொல்றவன் தன்னையே இவ்வளவு கேவலமா சொல்லிக்கமாட்டான்," என்றாள் கடைசியில்.

எழுந்தாள். மரத்தடிக்கு நடந்தாள். முன் வலது டயருக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தாள். முதல் எழுத்தில் விரலை வைத்தாள். எழுத்து எழுத்தாகக் கடைசி வரை தடவிக்கொண்டு போனாள், அடியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது போல. எதுவும் இல்லை. வழவழப்பு. ஓர்வலின் கைவேலை அப்படிப்பட்டது.

"ஒண்ணுகூட விட்டு வைக்கலயா நீ? ஒரு சின்னக் கீறல்?"

"இல்ல."

"சுத்தமா செஞ்சிருக்க."

திட்டியிருந்தால் தேவலை என்று ஓர்வலுக்கு இருந்தது.

நடீன் மறுபக்கம் போய்க் கதவை இழுத்தாள். இடுக்கில் சேறு இறுகிப் போய் அது திறக்க மறுத்தது. காலை ஊன்றி இழுத்தாள். திறந்தது. ஏறி உட்கார்ந்தாள். ராய்ஸ் இருந்தபோது அவள் அந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததே கிடையாது. பஸ் ஓட்டுகிறவள் பிக்கப்பை உரசிவிடுவாள் என்று கேலி செய்வான். அவளும் பதிலுக்கு, வெள்ளை எழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கு என்பாள்.

"அங்கேயே நில்லு," என்றாள் உடைந்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "சரியா வந்ததும் சொல்லு."

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. நின்ற இடத்தில் திருப்புவது ஆம்பிளைக்கே முதுகு முறியும் வேலை. ராய்ஸின் முதுகு எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரியும். நடீன் இரண்டு கையாலும் பிடித்தாள். உடம்பையே இடது பக்கம் சாய்த்து இழுத்தாள். தரையில் மண் நெரிபட்டது. டயர் அரை அங்குலம் நகர்ந்தது. இன்னும் இழுத்தாள், மணிக்கட்டு நரம்பு புடைத்தது. டயரின் முன்பக்கம் மெல்ல உள்ளே போனது. பின்பக்கம், குதிகால், வெளியே வந்தது. ஒன்பது எழுத்தும் மெதுவாக ஓர்வலை நோக்கித் திரும்பின.

"இவ்வளவா?"

"இன்னும்."

"இவ்வளவு?"

ஆமாம் என்று ஓர்வல் தலையை ஆட்டினான்.

"பாலம் எவ்வளவு நீளம்?"

"முப்பது கெஜம்."

நடீன் மனதில் கணக்குப் போட்டாள். பாதையையும் வேகத்தையும் பிழைப்பாகக் கொண்டவள். "அவன் ஓட்டுற வேகத்துக்கு ரெண்டு செகண்ட்," என்றாள். "மிஞ்சிப் போனா ரெண்டரை."

"ஆமா."

"ரெண்டு செகண்ட் என்கிட்ட திரும்பி வரப் பாத்திருக்கான்."

ரப்பரின் இழுப்பு ஸ்டியரிங்கைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

"விடு நடீன். கை போயிடும்."

அவள் தலையை அசைத்தாள். காற்று திரும்பவும் எழுந்தது. செம்மண் பறந்து வந்து வெள்ளை எழுத்துகள் மேல் படிய ஆரம்பித்தது. ஓர்வலின் கை பழக்கத்தில் பின்பாக்கெட்டுத் துணிக்குப் போனது, பாதியில் நின்றது. முதல் எழுத்து மங்கியது, இரண்டாவது மங்கியது. அவன் துடைக்கவில்லை.

இரண்டு செகண்ட் போனது. இருபது போனது. பிறகும் வெகுநேரம் நடீன் அந்த ஸ்டியரிங்கை விடவே இல்லை.